பெய்யாத மழைக்கும் கணக்கு உண்டு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழையும் வறட்சியும்தான். முப்பத்தோரு வருடம் மழைமானிப் பதிவேடுகளைச் சரிபார்த்தே தலை நரைத்தவன் என்பதால், ஆசிரியர் கட்டை அவிழ்க்காமல் அப்படியே என் மேசைக்குத் தள்ளிவிட்டார்.

மாவட்டத்தில் இயல்பான மழை என்று செய்தியில் சொன்னார்கள். என் புஞ்சையில் உளுந்து பூவோடு கருகிப் போயிற்று. செய்தி பொய்யா, என் புஞ்சை பொய்யா?
– மானாவாரி விவசாயி, விளாத்திகுளம்

இரண்டும் பொய்யில்லை ஐயா. அதுதான் இதில் உள்ள வயிற்றெரிச்சல்.

முதலில் அந்த 'இயல்பு' என்கிற சொல்லைப் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். இந்திய வானிலைத் துறையின் அட்டவணையில், நீண்டகாலச் சராசரியைவிட 19 சதவீதம் கூடினாலும் இயல்பு, 19 சதவீதம் குறைந்தாலும் இயல்பு. 20 முதல் 59 வரை குறைந்தால் 'குறைவு'. 60-க்கு மேல் போனால் 'மிகக் குறைவு'. ஆக, வரவேண்டிய மழையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வராமல் போனாலும் வரைபடத்தில் உங்கள் மாவட்டத்துக்குப் பச்சை வண்ணம்தான். (குறைவுக்குச் சிவப்பு, மிகக் குறைவுக்கு மஞ்சள். மோசமானதுக்கு ஏன் சாதுவான நிறம் என்று நானும் பல வருடம் கேட்டுப் பார்த்தேன். பழகிவிட்டது என்றார்கள்.)

அடுத்தது, எவ்வளவு பெரிய இடத்துக்குச் சராசரி போடுகிறோம் என்பது. நாடு முழுவதையும் 36 வானிலை உட்பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்ந்து ஒன்று. 2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதற்கும் நீண்டகாலச் சராசரியில் 97 சதவீதம். தில்லியில் 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அதே பருவத்தில் கேரளத்தில் 34 சதவீதம் குறைவு. அதைத் தொடர்ந்து வந்த வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. தேசியச் சராசரியை நம்பி யாரும் விதை வாங்கக் கூடாது.

உங்கள் மாவட்டத்திலேயே இதைவிடப் பெரிய பாடம் நடந்தது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதத்துக்கும் சேர்த்தே தமிழ்நாட்டின் சராசரி சுமார் 44 சென்டிமீட்டர்தான். அப்படி ஒரு நாள் வந்துவிட்டால், அதற்கு முன்னால் எத்தனை வாரம் காய்ந்து கிடந்தாலும் பருவக் கணக்கு தலைநிமிர்ந்துவிடும். கூட்டல் கழித்தல் தெரிந்த எண்ணுக்குச் செடியின் வயது தெரியாது. உங்கள் உளுந்து பூத்து நின்ற நாட்களில் மழை இல்லை. அதற்குப் பிறகு எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பூ திரும்பி வராது.

அதனால் மொத்த மழையைவிட நான் எப்போதும் தேடுவது இடைவெளியைத்தான். பருவம் தொடங்கிய பிறகு மூன்று நான்கு வாரம் தொடர்ந்து, ஒவ்வொரு வாரமும், வரவேண்டியதில் பாதிக்கும் குறைவாகப் பெய்தால் அதை 'வறள் இடைவெளி' என்கிறது மத்திய அரசின் வறட்சிக் கையேடு. உங்கள் தாலுகாவின் வாராந்திரக் கணக்கை வாங்கிப் பாருங்கள். மாவட்டத்தின் பருவ மொத்தம் ஒளித்து வைத்தது அதில் தெரியும்.

நேற்றுக் காலை பத்து மணிக்குப் பெய்த மழையை இன்றைய தேதியில் போடுகிறார்கள். ஏன் இந்தக் குழப்பம்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

மழை நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை அம்மா, காலை எட்டரைக்குத் தொடங்குகிறது. உலக நேரப்படி அது அதிகாலை மூன்று மணி. அந்த நொடியில் நாடு முழுக்க ஒரே நேரத்தில் அளந்தால்தான் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட முடியும். நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை விழுந்தது முழுக்க இன்றைய தேதியில் ஏறும்.

அளக்கும் வேலை பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். கண்ணாடியிழையில் செய்த மானி, அதன் வாய் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில். அதற்குக் கீழே வைத்தால் தரையில் விழுந்து தெறிக்கும் துளி உள்ளே போகும். ரொம்ப உயர்த்தினால் காற்று துளியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். புனலை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் பாட்டில் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்ற வேண்டும். குவளையைச் சமமாக வைத்து, குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீரின் வளைவில் அடிப்பகுதியைப் படிக்க வேண்டும். நின்றபடி பார்த்துச் சொன்னால் அளவு தப்பும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த மேலாளர், பதிவாளர்களின் வேட்டி முழங்காலில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒட்டியிருந்தால் அன்றைய அளவை நம்புவார்.

ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் நாலாயிரம் லிட்டர். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது 'மழை நாள்'. அதற்குக் கீழே பெய்தது குறிக்கப்படும், ஆனால் மழை நாள் எண்ணிக்கையில் சேராது.

மண் எத்தனை உழவு ஆழத்துக்கு நனைந்தது என்று பார்த்து, கிராமத்தில் ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை என்பார்கள். படித்தவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. மானி சொல்வது வானம் கொடுத்ததை, உழவு மழை சொல்வது மண் வாங்கிக்கொண்டதை. வறட்சிக்கு இரண்டாவதுதான் நெருக்கம்.

இந்தக் கணக்கையெல்லாம் நம்பலாமா? எங்கள் காலத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்தே மழை எழுதினார்கள் என்று கேள்வி.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

கேள்விப்பட்டது சரிதான் டீச்சர். ஆனால் முழுக்கதை அதுவல்ல.

ஒரு அலுவலகத்தின் பத்து வருடப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மழையே பெய்ததில்லை. புயல் கரை கடந்த ஞாயிறுகளில்கூட 0.0. திங்கட்கிழமை மட்டும் வாரி வழங்கியிருந்தது. வேறென்ன, அளப்பவருக்கு ஞாயிறு விடுமுறை, தண்ணீர் பாட்டிலிலேயே காத்திருந்திருக்கிறது. வானிலைத் துறையின் மழை வாரம் வியாழனில் தொடங்கிப் புதனில் முடிகிறது, அதனால் வார மொத்தம் தப்பித்தது. ஒரு நாளின் அதிகபட்ச மழை, மழை நாட்களின் எண்ணிக்கை இரண்டும் குப்பை.

இன்னொரு இடத்தில் விஷயம் நாசூக்கானது. அங்கே வருடத்துக்கு வருடம் மழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. பருவநிலை மாற்றம் என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம் போல அழகான சரிவு. சந்தேகம் வந்தால் நாங்கள் ஒன்று செய்வோம். பக்கத்து நாலைந்து மானிகளின் மழையைக் கூட்டிக்கொண்டே போய், அதற்கு எதிராக இந்த மானியின் மழையையும் கூட்டி வரைவோம். நேர்கோடாகப் போக வேண்டும். இது பாதியில் வளைந்தது. நேரில் போனேன். மானிக்குப் பக்கத்தில் ஒரு வேம்பு, கொப்பும் கிளையுமாக. மானி வைத்தபோது அது இடுப்புயரக் கன்று என்றார் அங்கிருந்த வயதான பியூன். சுற்றியுள்ள எதுவும் தன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. மழை குறையவில்லை, மரம் வளர்ந்திருந்தது. வெட்டச் சொல்ல மனம் வரவில்லை. மானியை மாற்றி வைத்தோம்.

ஆனால் இந்தத் தப்புகளையெல்லாம் கண்டுபிடித்துவிடலாம். எனக்குக் கடைசிவரை தலைவலி கொடுத்தது வேறு: காலி இடம். மழை பெய்யாத நாளில் 0.0 என்று எழுத வேண்டும். அளக்கவே இல்லை என்றால் கோடு போட வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. 'மழைதான் இல்லையே, எதை எழுதுவது' என்று பலர் சும்மா விட்டுவிடுவார்கள். பின்னால் கணினியில் ஏற்றுபவர் அந்தக் காலியிடத்தைப் பூஜ்யம் என்று எடுத்தால் இல்லாத வறட்சி பிறக்கும். விடுபட்டது என்று ஒதுக்கினால் இருக்கிற வறட்சி காணாமல் போகும். வறட்சிக் காலத்துப் பதிவேட்டில் மதிப்புள்ள எண் பூஜ்யம்தான். அதை எழுதத்தான் ஆளில்லை.

இப்போது தமிழ்நாட்டில் 1,400 தானியங்கி மழைமானிகள் வந்திருக்கின்றன. உள்ளே சீசா பலகை மாதிரி இரண்டு சின்னக் கரண்டிகள். ஒன்று நிறைந்து கவிழ்ந்தால் மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு எண்ணிக்கை. ஞாயிற்றுக்கிழமை இதற்குத் தெரியாது, நல்ல விஷயம். ஆனால் புனலில் காய்ந்த இலை அடைத்துக்கொண்டாலும், சிலந்தி வலை கட்டினாலும், நேரம் தவறாமல் பூஜ்யம் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து 'இது பொய்' என்று சொல்ல இன்னும் ஒரு மனிதன் வேண்டும்.

வானிலைத் துறை ஏன் 'வறட்சி' என்று வாய்திறந்து சொல்வதில்லை?
– வாசகர், புதுக்கோட்டை

2016-லிருந்து அந்தச் சொல்லையே தங்கள் அகராதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாட்டு அளவில் மழை மோசமாகக் குறைந்தால் 'பற்றாக்குறை ஆண்டு' என்பார்கள், அவ்வளவுதான். மழையை அளப்பது அவர்கள் வேலை, வறட்சி என்று அறிவிப்பது மாநில அரசின் வேலை. இந்தப் பிரிவினை சரிதான் என்பது என் கட்சி. மழைக்குறைவு வேறு, வறட்சி வேறு.

மாநில அரசும் நினைத்தபடி அறிவித்துவிட முடியாது. 2016-ல் வந்த வறட்சிக் கையேடு படிப்படியாக வழி போட்டிருக்கிறது. முதலில் மழை: சராசரியிலிருந்து எவ்வளவு விலகல், வறள் இடைவெளி உண்டா. அந்தக் கதவு திறந்தால்தான் அடுத்தது. விதைப்பு எவ்வளவு நடந்தது, செயற்கைக்கோளில் பயிரின் பசுமை எப்படி, மண்ணில் ஈரம் இருக்கிறதா, அணையும் கிணறும் என்ன சொல்கின்றன. பிறகு பாதிக்கப்பட்ட கிராமங்களில் பத்தில் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். சேதம் 33 சதவீதத்தைத் தொட்டால் மிதமான வறட்சி, 50-ஐத் தாண்டினால் கடும் வறட்சி.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. தென்மேற்குப் பருவத்தோடு விதைக்கும் காரிஃப் பருவத்தின் வறட்சியை அறிவிக்கக் கடைசி நாள் அக்டோபர் 30, அதை அடுத்து வரும் குளிர்காலச் சாகுபடியான ராபிக்கு மார்ச் 31. வட இந்தியாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது. அக்டோபர் 20 வாக்கில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழையே தொடங்குகிறது. அக்டோபர் முடியும்போது நம் விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். 2016-ல் மழை பொய்த்ததும், மறு ஜனவரி 10-ஆம் தேதி தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசு அறிவித்தது. அதற்குள் டெல்டாவில் நெல் பதராகியிருந்தது.

செயற்கைக்கோளே பயிரைப் பார்த்துச் சொல்லிவிடும் என்கிறார்களே?
– பட்டதாரி இளைஞர், ராமநாதபுரம்

பார்க்கும் தம்பி. ஆனால் உங்கள் மாவட்டத்தில் அதை ஏமாற்ற ஒரு ஆள் இருக்கிறான்.

நல்ல இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அதற்கு அடுத்துள்ள, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கும். வாடிய இலையில் இந்த வித்தியாசம் குறையும். இரண்டையும் கழித்துக் கூட்டி வகுத்தால் பசுமைக் குறியீடு. இந்தியாவில் இதை வைத்து வறட்சியைக் கண்காணிக்கும் திட்டத்தை ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் 1989-ல் தொடங்கியது. 2012-லிருந்து தில்லியில் உள்ள மகலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் அதைக் கவனிக்கிறது.

ஏமாற்றுக்காரன் யாரென்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். சீமைக்கருவேலம். ஆழத்தில் வேர் விட்டு, ஊரே காய்ந்தாலும் பச்சையாக நிற்பான். தரிசாகப் போன புஞ்சையில் அவன் மண்டிக் கிடந்தால், மேலேயிருந்து பார்க்க ஒன்றும் மோசமில்லை என்றுதான் தெரியும். அதனால்தான் எது பயிர் நிலம், எது புதர் என்று முதலிலேயே பிரித்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. பருவமழைக் காலத்தில் மேகம் வேறு மறைக்கும். பல நாள் படங்களைச் சேர்த்துத் தெளிவான துண்டுகளைப் பொறுக்க வேண்டும். மண்ணின் ஈரத்தை நுண்ணலையில் பார்க்கும் செயற்கைக்கோள்கள் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், ஆனால் அவை பார்ப்பது மேல்மண்ணின் சில சென்டிமீட்டரை மட்டும். வேர் இருக்கும் ஆழம் கணக்கில்தான் வரும்.

வயலில் இறங்கிப் பார்ப்பதைக் கையேடு கட்டாயமாக்கியதற்குச் சீமைக்கருவேலம் ஒன்றே போதிய காரணம் என்பேன்.

கழுதைக்குக் கல்யாணம் செய்தால் மழை வருமா?
– வாசகர், தர்மபுரி

முகூர்த்தத்தை அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வையுங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

மேட்டூர் 120 அடி நிரம்பி வழிகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. இதற்குப் பெயர் வறட்சியா, செழிப்பா?
– இல்லத்தரசி, ஓமலூர்

மேட்டூரை நிரப்பியது உங்கள் ஊர் மழையில்லை அம்மா. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவத்தில் பெய்தது, காவிரியிலும் கபினியிலும் இறங்கி வந்தது. உங்கள் கிணற்றுக்கு ஊறுவது உங்கள் ஊரில் பெய்தது. அணை விருந்தாளி கொண்டுவந்த பலகாரம், கிணறு வீட்டு அரிசிப் பானை.

வறட்சி ஒரே நாளில் எல்லா இடத்துக்கும் வருவதில்லை. முதலில் வானத்தில், பிறகு மண்ணில், பிறகு ஏரியில், கடைசியாகக் கிணற்றில். திரும்பிப் போவதும் அதே வரிசைதான். நல்ல மழை பெய்து புல் முளைத்த பிறகும் கிணறு மாதக்கணக்கில் வறட்சியிலேயே இருக்கும். சென்னையை நினைத்துப் பாருங்கள். பொய்த்தது 2018-ன் வடகிழக்குப் பருவமழை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, குடத்தோடு ஜனங்கள் தெருவில் நின்றது 2019 ஜூனில். நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் எச்சரிக்கை ஏட்டில் இருந்தது.

இதனால்தான் ஒரே மழையை வெவ்வேறு கால அளவில் எடைபோடும் குறியீடு ஒன்றை இப்போது எங்கும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் 1993-ல் கொடுத்தது. இந்த இடத்தின் பழைய மழைகளோடு ஒப்பிட்டால் இந்த மழை எவ்வளவு அபூர்வம் என்று அது கேட்கிறது. 30 சதவீதக் குறைவு மழைக்காட்டுக்குப் பெரிய அதிர்ச்சி, வருடத்துக்கு வருடம் தாறுமாறாகப் பெய்யும் வறண்ட ஊருக்குச் சாதாரணம். வெறும் சதவீதத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. மூன்று மாதக் கணக்குப் பயிருக்கு, பன்னிரண்டு மாதக் கணக்கு அணைக்கும் கிணற்றுக்கும். அணைகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவற்றின் இருப்பை மத்திய நீர்வள ஆணையம் வாராவாரம் வியாழனன்று வெளியிடுகிறது. கிணறுகளை மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடத்தில் நான்கு முறைதான் அளக்கிறது. நான்கு போதுமா என்று கேட்காதீர்கள். போதாது.

வீட்டு மாடியில் நானே மழை அளந்து குறித்து வைத்தால் யாருக்காவது பயன்படுமா?
– பேருந்து நடத்துநர், தேனி

படும். உங்கள் மலையடிவாரத்தில் இந்தத் தெருவில் கொட்டி அந்தத் தெருவில் தூறும். இரண்டு அரசு மானிகளுக்கு நடுவில் விழுந்ததைச் சொல்ல உங்களை விட்டால் யாரும் இல்லை. ஒரு அளவை மட்டும் வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய மாட்டார்கள், ஆனால் பத்து வருட நோட்டை யாரும் தள்ளிவிட மாட்டார்கள்.

அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக, பக்கச்சுவர் நேராக இருக்கும் எந்தப் பாத்திரமும் போதும். உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழை, வாய் எத்தனை அகலம் என்பது பொருட்டில்லை. வாளியைப் போல மேலே விரிந்தது ஆகாது. மாடியைவிட முற்றம் நல்லது. மாடிதான் உண்டென்றால் கைப்பிடிச் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டு நன்றாகத் தள்ளி வையுங்கள். எட்டரைக்கு டூட்டியில் இருப்பீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பழக்கிவிடுங்கள், அல்லது உங்களுக்குத் தோதான ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு அதை மாற்றாதீர்கள். நேரத்தை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மழை இல்லாத நாளில் 0.0 என்று எழுதுங்கள். நைட் சர்வீஸ் போய்விட்டு அளக்கவில்லை என்றால் கோடு போடுங்கள். அடுத்த வருடம் நோட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளை முதலில் பார்ப்பேன்.